பழைய வண்டிக்குப் புகைக்குழாய் மாற்றப் போகிறீர்களா?



தலைப்பைப் பார்த்ததும், "இது சுகாதாரப் பகுதியா, மெக்கானிக் பகுதியா?" என்று சிலர் கேட்பீர்கள். கேள்வி நியாயமானதுதான். நான் டிரசர். ஊசி போடவும் புண் கட்டவும் படித்தவனே தவிர ஸ்பானர் பிடிக்கப் படித்தவன் அல்ல. ஆனாலும் எக்ஸோஸ் என்று நாம் சொல்கிற அந்தப் புகைக்குழாய் சம்பந்தமாக நான் ஒரு தவறு செய்தேன். அந்தத் தவறு இன்னொரு தோட்டத்தில் நடக்கக் கூடாது என்பதற்காகவே இந்த மாதம் மருந்தை விட்டுவிட்டு வண்டியைப் பற்றி எழுதுகிறேன்.

கோல கெட்டில் பக்கத்தில் ஒரு குடும்பம். பெயர் வேண்டாம். வீட்டுக்காரர் முன்பு தோட்டத்தில் டிரைவராக இருந்தவர். இப்போது சொந்தமாகச் செம்பனைக் குலை ஏற்றும் சில்லறைக் குத்தகை எடுக்கிறார். அதற்காக ஒரு பழைய லேண்ட் ரோவர் வாங்கினார். பெட்ரோல் எஞ்சின், பின்னால் கேன்வாஸ் கூடாரம். சேற்றிலும் மேட்டிலும் ஏற அதைப்போல வண்டி இல்லை என்பார். உண்மைதான். 1948-ல் முதன்முதலாக வெளிவந்த வண்டி அது. அவசரகாலத்தில் ராணுவமும் தோட்டத்துத் துரைமார்களும் ஓட்டிய அதே இனம்தான் கேமரன் மலையில் இன்றும் காய்கறி சுமக்கிறது. வாரத்தில் ஆறு நாள் குலை, ஏழாம் நாள் குடும்பம். ஞாயிறு காலையில் பெண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு சுங்கைப் பட்டாணிக்குப் போவார்கள், பொழுது சாய வருவார்கள்.

ஒரு திங்கட்கிழமை அந்த அம்மா சின்னப் பையனைக் கூட்டிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு வந்தார்.

"ஐயா, இவனுக்கு வண்டின்னாலே வாந்திங்க. எனக்கும் தலை பொளக்குது."

வண்டி மயக்கம் என்று நினைத்தேன். பையனுக்கு மயக்க மாத்திரை, அம்மாவுக்குப் பனடோல். இரண்டு வாரம் கழித்து அதே கதை, அதே மாத்திரை. மூன்றாம் முறை மாமியார்க் கிழவியும் கூடவே வந்தார். நான் மாத்திரை எண்ணிக்கொண்டிருக்கும்போது பெஞ்சிலிருந்தபடியே சொன்னார்: "எனக்கும்தான்யா கிறுகிறுன்னு வருது. வூட்டுக்கு வந்து திண்ணையில படுத்தா சரியாப் போயிருது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று பேர், மூன்று வயது, ஒரே வண்டி, ஒரே நோவு. வண்டியை விட்டு இறங்கினால் விட்டுப்போகிறது. மயக்கம் ஒருவருக்கு வரும். ஒரே நேரத்தில் வண்டியிலிருக்கும் எல்லோருக்கும் வந்தால் அது மயக்கமல்ல, நஞ்சு. முதல் நாளே, "கூட வந்தவங்களுக்கும் இப்படி இருக்கா?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். நான் கேட்கவில்லை. வீட்டுக்காரரை அழைத்து விசாரித்தேன். "எனக்கு ஒண்ணுமில்லீங்க" என்றார். அவர் பக்கத்துக் கண்ணாடி எப்போதும் இறங்கியே இருக்குமாம்!

கண்ணுக்குத் தெரியாத புகை

அந்த நஞ்சின் பெயர் கார்பன் மோனாக்சைடு. எண்ணெய் முழுதாக எரியாமல் அரைகுறையாக எரியும்போது உண்டாகும் வாயு. அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணை எரிக்காது, இருமலும் வராது. எக்ஸோசில் நாற்றம் வருகிறதே என்பீர்கள். அந்த நாற்றம் கூட வரும் மற்ற வாயுக்களுடையது. ஆகவே நாற்றம் குறைவாயிருந்தால் ஆபத்தில்லை என்று நினைப்பது தப்புக் கணக்கு.

நம் இரத்தத்தில் சிவப்புச் சத்து இருக்கிறது. ஹீமோகுளோபின் என்பார்கள். அது நெஞ்சிலிருந்து பிராணவாயுவை ஏற்றிக்கொண்டு உடம்பெல்லாம் இறக்கும் லோரி மாதிரி. கார்பன் மோனாக்சைடு, பிராணவாயுவைவிட ஏறக்குறைய 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு அந்த லோரியில் ஏறி உட்கார்ந்துகொள்ளும், இறங்கவும் மாட்டேன் என்னும். பிராணவாயுவுக்கு இடமில்லாமல் போகும். முதலில் தலைவலி, பிறகு கிறுகிறுப்பு, குமட்டல், கைகால் தளர்ச்சி, தூக்கம். அந்தத் தூக்கத்திலேயே உயிர் போவதும் உண்டு. 2020-ஆம் ஆண்டில் நம் பக்கத்து மாநிலமான பினாங்கில், நிறுத்தி வைத்த காரில் எஞ்சின் ஓட உறங்கிய இளம்பெண்கள் மூவர் இப்படித்தான் இறந்தார்கள்.

சிறு பிள்ளைகள் வேகமாக மூச்சு விடுவதால் அவர்களுக்கு முதலில் தெரியும். அந்தக் காலத்தில் பிரிட்டனில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் கேனரிக் குருவியைக் கூண்டில் வைத்துக் கொண்டுபோவார்கள். குருவி சாய்ந்தால் மனிதர்கள் ஓடி வெளியேற வேண்டும் என்று அர்த்தம். ஹால்டேன் என்ற விஞ்ஞானி 1890-களில் சுரங்கச் சாவுகளை ஆராய்ந்து சொன்ன யோசனை அது. 1986 வரை குருவிகள் வேலை பார்த்தன. நம் வண்டியில் சின்னப் பையன்தான் குருவியாக இருந்திருக்கிறான்! கர்ப்பிணிகளுக்கும் கவனம் வேண்டும். வயிற்றிலுள்ள சிசுவின் இரத்தத்தை விட்டு இந்த வாயு, தாயின் இரத்தத்தை விடுவதைக் காட்டிலும் மெதுவாகவே நீங்கும்.

இன்னொரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். கோவிட் காலத்தில் விரலில் மாட்டுகிற ஆக்சிஜன் மீட்டர் பல வீடுகளுக்கு வந்துவிட்டது. இந்த நஞ்சு ஏறியவருக்கு அதை மாட்டினால் 98, 99 என்று நல்ல எண்ணைக் காட்டும். அந்தக் கருவிக்கு இரண்டு வாயுவையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

ஒருவர் வண்டிக்குள் சாய்ந்துவிட்டால் எஞ்சினை நிறுத்தி, எல்லாக் கதவையும் திறந்து, ஆளைத் திறந்த வெளிக்குத் தூக்கி வாருங்கள். மூச்சிருந்து நினைவில்லாவிட்டால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மூச்சில்லை என்றால் நெஞ்சை அழுத்தும் முதலுதவியைத் தொடங்கி 999-க்கு அழையுங்கள். கூலிம் ஆஸ்பத்திரியோ, சுங்கைப் பட்டாணி சுல்தான் அப்துல் ஹாலிம் ஆஸ்பத்திரியோ, எங்கே போனாலும் அவசரப் பிரிவில் முதல் வார்த்தையாக, "வண்டிப் புகை மூச்சில் ஏறியிருக்கலாம்" என்று சொல்லுங்கள். சாதாரணக் காற்றில் இந்த நஞ்சு பாதியாகக் குறைய நாலைந்து மணி நேரம் பிடிக்கும். முகமூடி வைத்துச் சுத்தப் பிராணவாயு கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணியில் பாதியாகும். இரத்தச் சோதனையையும் சீக்கிரம் எடுக்க வேண்டும், தாமதித்தால் சாட்சி கரைந்துபோகும். தப்பித்தவர்களுக்கும் சில நாள், சில வாரம் கழித்து ஞாபக மறதி, நடைத் தடுமாற்றம் வருவதுண்டு. அப்படி வந்தால் மீண்டும் டாக்டரிடம் போக வேண்டும்.

டீசல் வண்டிக்காரர்கள், "எங்களுக்குக் கவலையில்லை" என்று எழுந்துபோக வேண்டாம். டீசல் புகையில் இந்த வாயு பெட்ரோலைவிட மிகக் குறைவு என்பது சரி. ஆனால் கரித்தூள் அதிகம். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு, டீசல் புகை மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று 2012-ல் உறுதியாக வகைப்படுத்திவிட்டது. குழாய் ஓட்டை எந்த எண்ணெய்க்கும் நல்லதல்ல.

எங்கே ஓட்டை?

அந்த லேண்ட் ரோவரை ஒரு மாலையில் அவரும் நானும், பட்டறை வேலை தெரிந்த அவர் மச்சானும் சேர்ந்து பார்த்தோம். நான் விளக்குப் பிடித்தேன், அவ்வளவுதான். ஆனால் பார்க்கும் முறையை அன்று நன்றாகக் கற்றுக்கொண்டேன்.

வண்டி முழுதாக ஆறியிருக்க வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகக் கூடாது. பலமான கட்டையோ ஸ்டாண்டோ கொடுத்து, சக்கரத்துக்கு ஆப்பு வைத்த பிறகே போக வேண்டும். (ஜாக்கி சரிந்து கை நசுங்கி வந்தவர்களுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன். அந்தக் கதை வேறு.) எஞ்சினோடு ஒட்டியிருக்கும் வார்ப்பிரும்புக் கிளைக்குழாய்க்கு மேனிபோல்ட் என்று பெயர். அதில் தொடங்கிப் பின்னால் வால் வரை விளக்கை அடித்து வாருங்கள். இணைப்பில் கறுப்புக் கோடாகக் கரி படிந்திருந்தால் அங்கே ஒழுகுகிறது. குளிர்ந்த எஞ்சினை இயக்கியதும் 'டிக் டிக்' என்று சத்தம் கேட்டுச் சூடேறியதும் அடங்கினால், மேனிபோல்ட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படலாம். திறந்த வெளியில் எஞ்சினை இயக்கி, குழாய் சூடாவதற்குள் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவினால் ஒழுகுமிடத்தில் நுரை கிளம்பும்.

எங்களுக்கு மூன்று இடம் அகப்பட்டது. மேனிபோல்டும் முன்குழாயும் சேரும் இடத்தில் கேஸ்கெட் தின்றுபோயிருந்தது. சைலன்சரின் அடிவயிறு சல்லடை. மூன்றாவதுதான் முக்கியம். வால்குழாய் அழுகியபோது முன்பு வைத்திருந்தவர் அதை வெட்டி எறிந்துவிட்டார். புகை வண்டிக்குப் பின்னால் போகாமல் பின்தளத்தின் அடியிலேயே கக்கிக்கொண்டிருந்தது. மேலே தளத்தில் ஒயர் போன ஓட்டை ஒன்று, துருவில் விழுந்த ஓட்டை இரண்டு.

கூடார வண்டி ஓடும்போது அதன் முதுகுக்குப் பின்னால் காற்று சுழல்கிறது. கேன்வாஸ் திரையைச் சுருட்டிக் கட்டியிருந்தால், அந்தச் சுழல் புகையை உள்ளே இழுக்கும். காற்று வரட்டும் என்று அந்த அம்மா பின்திரையைத் திறந்து வைத்திருக்கிறார், பாவம்! முன்பக்கம் மூடியும் பின்பக்கம் திறந்தும் ஓட்டுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். லேண்ட் ரோவரில் முன்கண்ணாடிக்குக் கீழே காற்றுக் கதவுகள் இருக்கின்றன. அவற்றைத் திறந்து, பின்திரையை மூடி ஓட்டினால் நிலைமை கொஞ்சம் மட்டுப்படும். அதுவும் பட்டறைக்குப் போய்ச் சேரும் வரைக்கும் மட்டும்தான், ஆளை ஏற்றாமல்.

என்ன மாற்றுவது, எப்படி மாற்றுவது?

வீட்டுக்காரரின் முதல் எண்ணம் எல்லோருக்கும் வருகிற எண்ணம்தான். "சத்தம் போடுற சைலன்சரை மாத்திட்டா போதும்ங்க. மத்ததை அடுத்த மாசம் பாத்துக்கலாம்." எனக்கு அங்கேதான் கருத்து வேற்றுமை. சத்தம் காதுக்குத் தெரிகிறது, அதனால் பணம் அங்கே போகிறது. புகையோ முன் இணைப்பிலும் வாலிலும் வருகிறது, அது காதுக்குத் தெரிவதில்லை. கையில் உள்ள காசு முழுச் செட்டுக்குப் போதவில்லை என்றால், முதல் காசு மேனிபோல்ட் கேஸ்கெட்டுக்கும் முன்குழாய்க்கும் போகட்டும். அடுத்த காசு, வண்டி உடம்பைத் தாண்டி வெளியே நீளும் வால்குழாய்க்கும் தளத்து ஓட்டை அடைப்புக்கும். சைலன்சர் கடைசியில் வரட்டும். ஆனால் ஓட்டை சைலன்சரோடு ஆளை ஏற்றலாம் என்று நான் சொன்னதாக யாரும் சொல்லிவிடாதீர்கள். அது முடியும் வரை குலை மட்டும் ஏறட்டும், பிள்ளைகள் பஸ்ஸில் போகட்டும்.

ஒட்டுப்போடுவது பற்றி. மைலோ டின்னை வெட்டிச் சுற்றி, கம்பியால் கட்டி, மேலே பசை பூசுவது நம் தோட்டங்களில் பழைய வித்தை. நடுவழியில் நின்றவன் வீடு வந்து சேர அது சரி. வீடு வந்த பிறகும் ஆறு மாதம் அதோடு ஓட்டுவது சரியல்ல. பசை சூட்டில் வெடிக்கும், ஓட்டை டின்னுக்குள் மறைந்து வளரும்.

வெல்டிங் வைப்பதற்கு முன்னால் தகட்டைத் தட்டிப் பாருங்கள். இரும்பு கெட்டியாக இருந்து, ஒரு விரிசல் மட்டும் என்றால் வெல்டிங் நல்ல வழி. சுத்தியல் பட்டால் பொருபொருவென்று உதிர்கிற தகட்டில் வெல்டிங் வைத்தால் பக்கத்தில் இன்னொரு ஓட்டை விழும், கூலிதான் தண்டம். மேனிபோல்டே விண்டிருந்தால் தோட்டப் பட்டறை வெல்டிங்கை நம்பாதீர்கள். வார்ப்பிரும்பு ஒட்டுவது தனி வேலை, பெரும்பாலும் நல்ல பழைய மேனிபோல்ட் வாங்கி மாட்டுவதே மேல்.

இங்கே டிரசராக இரண்டு எச்சரிக்கை. முதலாவது, பைப்பு மலிவு என்று தண்ணீர்க் குழாய்க்குப் போடுகிற ஈயப்பூச்சுக் குழாயை, அதாவது ஜிஐ பைப்பை, எக்ஸோசாக வளைத்து வெல்டிங் வைக்கிறார்கள். ஈயப்பூச்சு என்று பேச்சுக்குச் சொல்கிறோமே தவிர அது துத்தநாகம். வெல்டிங் சூட்டில் அது வெள்ளைப் புகையாகக் கிளம்பும். அதை மூச்சில் இழுத்தவருக்குச் சில மணி நேரம் கழித்து வாயில் உலோக ருசி, குளிர், காய்ச்சல், உடம்பு வலி வரும். மலேரியாவோ, டெங்கியோ என்று பயந்து வருவார்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் தணியும். ஆனால் மூச்சு முட்டினால் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். காய்ச்சலோடு வரும் வெல்டிங்காரர் என்ன இரும்பை ஒட்டினார் என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டாவது, அந்தக் காலத்து வண்டிகளின் கேஸ்கெட்டிலும் குழாயில் சுற்றிய கயிற்றிலும் கல்நார் இருக்கலாம், ஆஸ்பெஸ்டாஸ் என்பது அதுதான். காய்ந்தபடி சுரண்டி ஊதினால் அந்தத் தூள் நெஞ்சில் போய் ஆயுசுக்கும் தங்கும். தண்ணீர் தெளித்து நனைத்து எடுத்து, பையில் கட்டிப் போடுங்கள். காற்றுக் குழாய் வைத்து ஊதவே கூடாது. வெல்டிங் என்றதும் பெட்ரோல் தொட்டியையும் நினையுங்கள். குட்டை லேண்ட் ரோவரில் தொட்டி முன் இருக்கைக்கு அடியிலேயே இருக்கிறது. குழாயைக் கழற்றிக் கீழே கொண்டுவந்து ஒட்டுவதுதான் உத்தமம்.

புதுக் குழாய் வாங்குவதில் மூன்று வழி இருக்கிறது. அந்த வண்டிக்கென்றே செய்து வரும் ரெடிமேட் செட் ஒன்று. வளைவும் நீளமும் பிளேஞ்சும் சரியாக இருக்கும், தெரிந்த ஆள் துணையிருந்தால் நாமே மாட்டலாம். பழைய மாடலுக்கு அது கிடைக்கக் காத்திருக்க வேண்டிவரும். அடுத்தது எக்ஸோஸ் கடையில் குழாயை வளைத்துச் செய்வது. சுங்கைப் பட்டாணி, கூலிம் மாதிரி டவுனில் செய்துகொள்ளலாம், அன்றே முடியும். ஆனால் தௌக்கேயிடம் நாம் சொல்ல வேண்டியதைச் சொல்லாவிட்டால் அவருக்குக் கையில் கிடைக்கிற குழாயைப் போடுவார். உள்விட்டம் பழையதைவிடக் குறையக் கூடாது. ஒடுங்கினால் எஞ்சின் மூச்சுத் திணறும், எண்ணெயும் தின்னும். மிகப் பெரிதாக்கினால் சத்தம்தான் லாபம். வளைவில் குழாய் நசுங்கிச் சப்பையாகக் கூடாது. குழாய் சேஸிஸ் மட்டத்துக்குக் கீழே தொங்கக் கூடாது. டார் ரோட்டில் ஓடும் காருக்கு எப்படியிருந்தாலும் சரி. நம் வண்டி செம்பனைக் கட்டையின்மேல் ஏறும், முதல் இடியே குழாய்க்குத்தான். மூன்றாவது வழி ஹாப்கட் கடையில் பழையது வாங்குவது. மேனிபோல்ட் போன்ற கனமான சாமானுக்கு அது நல்ல வழி. சைலன்சருக்கு வேண்டாம். சைலன்சர் உள்ளிருந்து அழுகும், வெளியே பெயின்ட் அடித்திருந்தால் என்ன தெரியும்?

ஏன் உள்ளிருந்து அழுகுகிறது தெரியுமா? ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீரும் ஆவியாக உண்டாகிறது. நீண்ட தூரம் ஓடினால் குழாய் சூடேறி அது வெளியே போய்விடும். லயத்திலிருந்து காட்டுக்கு, காட்டிலிருந்து தராசுக்கு என்று குட்டைத் தூரமே ஓடும் வண்டியில் அந்தத் தண்ணீர் சைலன்சர் வயிற்றிலேயே தங்கிவிடும். வெளிப்பக்கத்துக்கு நம் தோட்டத்திலேயே எதிரி இருக்கிறது. உரம் ஏற்றுகிறோமே, அந்தப் பொட்டாஷ் உரம் உப்பு இனம், ஈரத்தோடு சேர்ந்தால் இரும்பைத் தின்னும். பால் உறைய வைக்கும் அமிலம் சிந்தினாலும் அப்படித்தான். உரம் ஏற்றிய அன்று அடிப்பக்கத்தைத் தண்ணீர் பாய்ச்சிக் கழுவுகிறவருடைய குழாய் கூடுதல் காலம் உழைக்கும். லேண்ட் ரோவர் உடம்பு அலுமினியம், அது துருப்பிடிக்காது. குழாயும் சேஸிஸும் இரும்பு என்பதை மறந்துவிடுகிறார்கள்.

ஸ்டெயின்லஸ் போடலாமா என்று அவர் கேட்டார். துருவுக்கு அது நன்றாகத் தாங்கும், விலையும் அதற்கேற்றபடி. இன்னும் பத்து வருடம் வைத்திருக்கப் போகிற, சேஸிஸ் கெட்டியான வண்டி என்றால் கணக்குக் கட்டும். இரண்டு வருடத்தில் கழிக்கப் போகிற வண்டிக்குச் சாதா இரும்பே போதும். ஆகவே குழாய் விலை கேட்பதற்கு முன்னால் சேஸிஸைத் தட்டிப் பாருங்கள். சேஸிஸ் பொருபொருத்திருந்தால் புதுக் குழாயைத் தொங்கவிட இடமேது? அப்போது பேச்சே வேறு.

கேஸ்கெட், நட்டு, ரப்பர்த் தொங்கல் ஆகியவற்றில் மிச்சம் பிடிக்காதீர்கள். பழைய கேஸ்கெட்டை மறுபடி போட்டால் மறுபடி ஒழுகும். மேனிபோல்ட் ஸ்டட்டுகளை முதல் நாளே எண்ணெய் விட்டு ஊறவைத்து நிதானமாகக் கழற்றுங்கள், முறித்துவிட்டால் செலவு இரட்டிப்பு. மாட்டும்போது பித்தளை நட்டுப் போட்டால் அடுத்த முறை பிடிவாதம் பண்ணாமல் கழலும். எல்லா இணைப்பையும் முதலில் தளர்வாக மாட்டி, குழாய் எங்கும் உரசாமல் நேராக்கிய பிறகு முன்னாலிருந்து பின்னாலாக இறுக்க வேண்டும் என்று மச்சான் சொன்னார். இரண்டு மூன்று நாள் ஓடிய பிறகு, ஆறிய வண்டியில் இன்னொரு முறை இறுக்கிப் பார்க்க வேண்டும்.

சைலன்சரே வேண்டாம், நேர்க்குழாய் போட்டால் இழுவை கூடும் என்று சொல்லும் இளவட்டங்களுக்கு ஒரு வார்த்தை. தம்பிகளா, சத்தத்துக்கும் புகைக்கும் நாட்டில் சட்டம் இருக்கிறது. வண்டிச் சத்தத்துக்கு 1987-லும் டீசல் புகைக்கு 1996-லும் சுற்றுச்சூழல் விதிகள் வந்துவிட்டன, ஜேபிஜே-யும் பிடிக்கும். அதைவிட, நாள் முழுக்க அந்தச் சத்தத்தில் உட்கார்ந்தால் காது போகும். போன காது மருந்துக்குத் திரும்பாது.

கடைசியில் அவர் என்ன செய்தார்? சேஸிஸ் நன்றாக இருந்தது. முன்குழாயும் கேஸ்கெட்டும் ரெடிமேடாகச் சொல்லி வைத்து வாங்கினார். சைலன்சரையும் வால்குழாயையும் டவுன் எக்ஸோஸ் கடையில் செய்துகொண்டார், சாதா இரும்பில்தான். வால்குழாயைப் பின்தளத்துக்கு அடியில் விடாமல் உடம்பைத் தாண்டி வெளியே நீட்டச் சொன்னார். கடைக்காரர், "இடிபடும், குட்டையா வைக்கிறேன்" என்றாராம். நம்மவர் விடவில்லை. தளத்து ஓட்டைகளுக்குத் தகடு அடித்து, ஒயர் போகுமிடத்தில் ரப்பர் வளையம் வைத்தார். பணம் ஒரே மாதத்தில் முடியவில்லை. அந்த ஆறு வாரமும் குடும்பம் பஸ்ஸில்தான் போய் வந்தது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் போய்த் திரும்பினார்கள். பையன் வாந்தி எடுக்கவில்லை. கிழவி மட்டும், "இடுப்பு வலிக்குது" என்றார். அது லேண்ட் ரோவரின் வில்லுத் தகடு, எக்ஸோசின் குற்றமல்ல!

தோட்டத்து வண்டியாக இருந்தால்?

சொந்த வண்டிக்கு முடிவு உங்கள் கையில். காலைப் பிரட்டிலிருந்து காட்டுக்கு ஏற்றிப் போகும் வண்டி தோட்டத்துடையதாகவோ குத்தகைக்காரருடையதாகவோ இருந்தால் முடிவு அவர்கள் கையில். ஆனால் மூச்சு உங்களுடையது. யார் யாருக்கு, என்றைக்கு, எந்த வண்டியில் தலைவலி வந்தது என்று ஒரு காகிதத்தில் எழுதுங்கள். நம்மோடு வேலை செய்கிற வங்காளதேசத்து, இந்தோனேசியத் தோழர்களையும் கேட்டு எழுதுங்கள், அவர்கள் பெரும்பாலும் கூடாரத்தின் உள்மூலையில்தான் உட்காருகிறார்கள். அந்தக் காகிதத்தோடு கிளைத் தலைவரிடம் போங்கள். தனி ஆள் "தலை வலிக்குது" என்றால் பனடோல்தான் கிடைக்கும். நான் கொடுத்ததே அதுதானே! ஒரே வண்டியில் போன எட்டுப் பேரின் தேதி போட்ட பட்டியலை அப்படித் தள்ளிவிட முடியாது. வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் 1994-ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. அதில் செய்த திருத்தம் 2024 ஜூன் முதல் தேதி அமலுக்கு வந்தது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பினால், முதலாளியிடம் சொல்லியும் அவர் நடவடிக்கை எடுக்காதபோது, அந்த இடத்தை விட்டு விலகிக்கொள்ளத் தொழிலாளிக்கு உரிமை உண்டு என்று அது சொல்கிறது. எழுதிக் கொடுத்த காகிதத்தின் நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

சந்தேகம் உள்ளவர்கள், வண்டியில் உங்களோடு வந்த எல்லோரையும் கூட்டிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு வாருங்கள். முடிந்தால் பயணம் முடிந்த கையோடு வாருங்கள், மறுநாள் வந்தால் எல்லோரும் நன்றாகவே இருப்பீர்கள். வண்டியையும் பார்க்கிறேன். ஆனால் சன்னலுக்குக் கீழே எஞ்சினை ஓடவிட்டு மட்டும் நிறுத்த வேண்டாம். உள்ளே நோயாளிகள் படுத்திருக்கிறார்கள்.